சர்க்கரை நோயாளிகளுக்கான அலமாரியில் எதை எடுக்கலாம், எதை விட்டுவிடலாம்: ஒரு மதிப்புரை

சென்னையில் ஓரளவு பெரிய சூப்பர் மார்க்கெட் எதற்குள் நுழைந்தாலும், சர்க்கரை நோயாளிகளுக்கென்று தனி அலமாரி ஒன்று இருக்கிறது. இனிப்பு மாத்திரை, இனிப்புப் பொடி, சுகர் ஃப்ரீ பிஸ்கட், சாக்லேட், ஜாம், ‘ஜீரோ’ என்றும் ‘டயட்’ என்றும் பெயர் வைத்த குளிர்பானங்கள் என்று அந்த அலமாரி ஆண்டுக்கு ஆண்டு நீண்டுகொண்டே போகிறது. சர்க்கரை நோய் உள்ள என் அம்மாவுக்காகப் பல ஆண்டுகளாக இந்தப் பண்டங்களை வாங்கி வருகிறேன். வாங்கியவற்றை வீட்டில் மற்றவர்களும் சாப்பிடுகிறார்கள். ஆகவே சுவையையும் விலையையும் மட்டும் பார்த்து மதிப்பெண் போடுவதற்காக இதை எழுதவில்லை. ஒவ்வொரு பண்டத்திலும் எந்த இனிப்பூட்டி இருக்கிறது, அதனால் உடலுக்கு என்ன அபாயம் என்று இதுவரை தெரிந்திருக்கிறது, அந்த இனிப்பூட்டியோடு சேர்ந்து வேறு என்னவெல்லாம் வயிற்றுக்குள் போகிறது, அதை உண்மையில் யார் சாப்பிட வேண்டும் என்பவற்றை வைத்தே எடைபோட்டிருக்கிறேன்.

இந்த அக்கறைக்குக் காரணம் இருக்கிறது. 2023ஆம் ஆண்டில் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வு, இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகவும், மேலும் 13.6 கோடிப் பேர் அதன் முன்நிலையில் இருப்பதாகவும் மதிப்பிட்டது. இத்தனை பேரும் அவர்களுடைய குடும்பத்தாரும் நம்பி வாங்கும் பண்டங்கள் இவை. அந்த நம்பிக்கைக்கு அலமாரியிலுள்ள எல்லாமே ஒரே அளவில் தகுதியுடையவை அல்ல என்பதுதான் என்னுடைய முடிவு. பலரும் பயப்படும் இனிப்பு மாத்திரை அவற்றுள் மிகக் குறைந்த தீங்குடையது. பலரும் பயமில்லாமல் வாங்கும் பிஸ்கட்டுதான் மிக மோசமானது.

உறையைப் படிக்கத் தெரிந்துகொண்டால் இந்த அலமாரியைப் பற்றிய பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும். நூறு கிராம் பண்டத்தில் சர்க்கரை 0.5 கிராமைத் தாண்டாவிட்டால் ‘சுகர் ஃப்ரீ’ என்று அச்சிட்டுக்கொள்ளலாம் என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் விதி. அந்த விதி சர்க்கரையின் அளவை மட்டுமே பார்க்கிறது. மைதா எவ்வளவு, எண்ணெய் எவ்வளவு, மொத்த மாவுச்சத்து எவ்வளவு என்பதைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை. உட்பொருள் பட்டியலில் இனிப்பூட்டிகள் பெரும்பாலும் எண்களாகவே ஒளிந்திருக்கும். 950 என்றால் அசிசல்ஃபேம் பொட்டாசியம், 951 அஸ்பார்டேம், 954 சாக்கரின், 955 சுக்ரலோஸ், 960 ஸ்டீவியா என்ற செடியிலிருந்து எடுக்கப்படும் இனிப்பு. 420 என்பது சார்பிட்டால், 965 மால்டிடால், 967 சைலிட்டால், 968 எரித்ரிட்டால். இவற்றை ஒரு சீட்டில் எழுதிப் பணப்பையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போவது நல்லது. கடையில் நின்று கைபேசியில் தேடிக்கொண்டிருக்க யாருக்கும் பொறுமை இருப்பதில்லை.

முதலில் மாத்திரை. காப்பியிலும் டீயிலும் போடுவதற்கென்று, தட்டினால் ஒவ்வொன்றாக விழும் சிறிய டப்பாக்களில் இவை கிடைக்கின்றன. நம் கடைகளில் அதிகம் கிடைக்கும் ‘சுகர் ஃப்ரீ’ என்ற வணிகப் பெயரிலேயே மூன்று வகை உண்டு. ‘கோல்டு’ அஸ்பார்டேமையும், ‘நேச்சுரா’ சுக்ரலோஸையும், ‘கிரீன்’ ஸ்டீவியாவையும் அடிப்படையாகக் கொண்டு சந்தைக்கு வந்தவை. சேர்மானங்கள் அவ்வப்போது மாறக்கூடும் என்பதால் வாங்கும்போது டப்பாவின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொள்வது அவசியம். சுவையைப் பொறுத்தவரை, பால் கலந்த டிகாக்ஷன் காப்பிக்குச் சுக்ரலோஸ் ஓரளவு பொருந்துகிறது. ஸ்டீவியா நாக்கில் அதிமதுரம் போன்ற ஒரு கசப்பை விட்டுச்செல்கிறது. அஸ்பார்டேம் சர்க்கரைக்கு மிக அருகில் வருகிறது, ஆனால் கொதிக்கும் பாலிலேயே போட்டுக் காய்ச்சினால் இனிப்பு குறைந்துவிடுகிறது.

அஸ்பார்டேமைப் பற்றிய அச்சம் 2023 ஜூலையில் உச்சத்துக்குப் போனது. உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, மனிதருக்குப் ‘புற்றுநோயை உண்டாக்கக்கூடும்’ என்னும் 2பி பிரிவில் அதை அப்போது சேர்த்தது. வாட்ஸ்ஆப்பில் பரவிய செய்தி அந்த வரியோடு நின்றுவிட்டது. அந்தப் பிரிவு சொல்வது, கையிலிருக்கும் சான்று எவ்வளவு உறுதியானது என்பதை மட்டுமே. ஆபத்து எவ்வளவு பெரியது என்பதை அல்ல. கற்றாழையின் முழு இலையிலிருந்து எடுக்கும் சாறும் அதே பிரிவில்தான் இருக்கிறது. அதே நாளில், உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பும் சேர்ந்து நடத்தும் நிபுணர் குழு, உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 40 மில்லிகிராம் என்று முன்பு வகுத்த வரம்பை மாற்றத் தேவையில்லை என்று அறிவித்தது. 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு அது 2,400 மில்லிகிராம். ஒரு மாத்திரையில் அஸ்பார்டேம் பொதுவாக 20 மில்லிகிராமுக்குள்தான் இருக்கும் என்பதால், அந்த வரம்பை எட்ட ஒரே நாளில் நூற்றுக்கும் மேற்பட்ட மாத்திரைகள் தேவைப்படும். இரண்டு வேளை காப்பிக்கு இரண்டிரண்டு மாத்திரை போடும் அம்மாவுக்கு இதனால் புற்றுநோய் வரும் என்று பயமுறுத்துவதற்கு ஆதாரம் எதுவும் இல்லை.

பிறவியிலேயே பினைல்கீட்டோன்யூரியா என்ற குறைபாடு உள்ளவர்கள் மட்டும் அஸ்பார்டேமைத் தொடவே கூடாது. அஸ்பார்டேம் குடலில் சிதையும்போது வெளிவரும் பினைல்அலனின் என்ற அமினோ அமிலத்தை அவர்களுடைய உடலால் கையாள முடியாது. அது மூளையைப் பாதிக்கும். டப்பாவில் அதற்கான எச்சரிக்கை இருக்கிறது. அதை இன்னும் பெரிய எழுத்தில் போட்டிருக்கலாம்.

சுக்ரலோஸைப் பொறுத்தவரை நம் ஊரிலேயே நடந்த ஆய்வு ஒன்று உதவியாக இருக்கிறது. சென்னையிலுள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனத்தில் டாக்டர் வி. மோகன் குழுவினர் நடத்தி 2024இல் வெளியிட்ட அந்த ஆய்வில், இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் உள்ள 179 பேர் பங்கேற்றார்கள். அவர்களில் ஒரு பிரிவினர் காப்பி, டீயில் சேர்க்கும் சர்க்கரைக்குப் பதிலாக 12 வாரங்களுக்குச் சுக்ரலோஸைச் சேர்த்துக்கொண்டார்கள். இரத்தச் சர்க்கரைக் கட்டுப்பாட்டில் தீங்கு எதுவும் தெரியவில்லை. உடல் எடையும் இடுப்புச் சுற்றளவும் சிறிதளவு குறைந்தன. பன்னிரண்டு வாரம் என்பது குறுகிய காலம்தான்; இருபது ஆண்டுப் பயன்பாட்டைப் பற்றி அது எதுவும் சொல்லாது. ஆனாலும் தினமும் காப்பி குடிக்கும் ஒரு நோயாளிக்கு, சிறிதளவு சுக்ரலோஸ் சர்க்கரையைவிட மேல் என்று சொல்ல அது போதும்.

மாத்திரையை வாங்குங்கள் என்று சொல்லும் எனக்கு, பொடியை அதே உறுதியோடு சொல்ல முடியவில்லை. சுக்ரலோஸ் சர்க்கரையைப் போல ஏறத்தாழ 600 மடங்கு இனிப்பானது. அப்படிப்பட்ட ஒன்றை வீட்டில் கரண்டியால் அளந்து போடும்படி விற்க வேண்டுமானால், பருமனுக்காக வேறொரு பொருளைக் கலந்தே ஆக வேண்டும். அதற்குப் பல பொடிகளில் மால்டோடெக்ஸ்ட்ரின் சேர்க்கிறார்கள். மாவுச்சத்தை உடைத்துச் செய்யும் இந்தப் பொருள் நாக்கில் அதிகம் இனிக்காவிட்டாலும், இரத்தச் சர்க்கரையை வெள்ளைச் சர்க்கரைக்குச் சமமாகவோ அதைவிட வேகமாகவோ ஏற்றிவிடும். ஒரு கோப்பைக்கு ஒரு சிட்டிகை போடும்போது இது பெரிய விஷயமில்லை. பாயசத்துக்கும் கேசரிக்கும் கை நிறைய அள்ளிப் போடும்போது கணக்கு மாறுகிறது. பின்பக்கப் பட்டியலில் மால்டோடெக்ஸ்ட்ரின் முதலாவதாக இருந்தால், அந்த டப்பாவில் எடையளவில் அதிகம் இருப்பது அதுதான்.

சமையலில் இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. சூடு பட்டால் அஸ்பார்டேமின் இனிப்புப் போய்விடும் என்பதால், அடுப்பில் வைக்கும் பண்டங்களுக்குச் சுக்ரலோஸைப் பயன்படுத்தச் சொல்கிறார்கள். ஆனால் சுக்ரலோஸின் மூலக்கூறில் குளோரின் அணுக்கள் மூன்று இருக்கின்றன. 120 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கும்போது உடலுக்கு ஆகாத குளோரின் சேர்மங்கள் உருவாகக்கூடும் என்று ஜெர்மனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனம் 2019இல் எச்சரித்தது. தண்ணீரிலோ பாலிலோ வேகும் பாயசம் நூறு டிகிரியைப் பெரிதாகத் தாண்டாது. எண்ணெயில் பொரியும் அதிரசமும் ஓவனில் வேகும் கேக்கும் அப்படியல்ல. பாயசத்தை இறக்கி வைத்த பிறகு மாத்திரையைக் கரைத்துக் கலப்பது இதற்கெல்லாம் எளிய வழி. எங்கள் வீட்டில் அப்படித்தான் செய்கிறோம்.

இனி பிஸ்கட். நான் வாங்கிய பொட்டலம் ஒன்றைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நிறுவனத்தின் பெயர் தேவையில்லை, ஏனென்றால் பல நிறுவனங்களின் உறைகள் இதே அச்சில்தான் இருக்கின்றன. முன்பக்கம் முழுக்கப் பச்சை நிறம், ஒரு கோதுமைக் கதிர், ஓர் இதயத்தின் படம், அதன்மேல் பெரிய எழுத்தில் ‘சர்க்கரை சேர்க்கப்படவில்லை’ என்ற வாசகம். உட்பொருள் பட்டியல், உறையை ஒட்டி மடித்த இடத்துக்கு அடியில் போய்விட்டது. மடிப்பை நகத்தால் கிளப்பி, வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துத்தான் படிக்க முடிந்தது. முதலாவது மைதா. இரண்டாவது பாமாயில். மூன்றாவது மால்டிடால். பிறகு கொஞ்சம் கோதுமைத் தவிடு. பட்டியலின் கடைசிப் பகுதியில் 955, 950 ஆகிய எண்கள். ஊட்டச்சத்து அட்டவணையில் சர்க்கரை சுழி. ஆனால் நூறு கிராமுக்கு ஆற்றல் 450 கிலோ கலோரிக்கு மேல், மாவுச்சத்து எடையில் பாதிக்கு மேல். சாதாரண இனிப்புப் பிஸ்கட்டின் கலோரிக் கணக்கும் ஏறத்தாழ இதுதான்.

சர்க்கரை நோயாளி ஒருவருடைய உடல், மைதாவிலிருந்து வரும் குளுக்கோஸையும் சர்க்கரையிலிருந்து வரும் குளுக்கோஸையும் பிரித்துப் பார்ப்பதில்லை. அம்மாவின் குளுக்கோமீட்டரும் அதையேதான் காட்டியது: மேரி பிஸ்கட் சாப்பிட்ட மாலைக்கும் இந்தப் பிஸ்கட் சாப்பிட்ட மாலைக்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. ஒரு வித்தியாசம் மட்டும் இருந்தது. மேரி பிஸ்கட் என்றால் இரண்டோடு நிறுத்திக்கொள்பவர், இதை ‘நமக்கென்று செய்தது’ என்று நம்பி நான்கு, ஐந்து என்று எடுத்துக்கொண்டார். இந்தப் பண்டத்தின் மிகப் பெரிய கெடுதல் இதுதான் என்று கருதுகிறேன். இனிப்பூட்டியின் வேதியியலைவிட, முன்பக்கத்துப் பச்சை நிறம் கொடுக்கும் துணிச்சல் அதிகத் தீங்கு செய்கிறது. விலையோ சாதாரணப் பிஸ்கட்டைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். இதை யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். பசிக்குக் கொறிக்க வேண்டுமென்றால் ஒரு கைப்பிடி வறுத்த கடலையோ சுண்டலோ இதைவிட எவ்வளவோ மேல்; அவற்றிலுள்ள புரதமும் நார்ச்சத்தும் இரத்தச் சர்க்கரையை மெதுவாகவே ஏறவிடும்.

இந்தப் பிஸ்கட் வீட்டில் குழந்தைகளின் கைக்கும் போகிறது என்பதை யாரும் யோசிப்பதில்லை. சர்க்கரை இல்லாததால் பல்லுக்கும் உடலுக்கும் நல்லது என்று பெற்றோரே எடுத்துக் கொடுப்பதைப் பார்த்திருக்கிறேன். செயற்கை இனிப்பூட்டி சேர்த்த பல பண்டங்களின் உறையில் ‘குழந்தைகளுக்குப் பரிந்துரைக்கப்படவில்லை’ என்ற வாசகம் இருக்கிறது. ஆனால் அது பட்டைக் கோடுகளுக்குப் பக்கத்தில், கண்ணாடி போட்டாலும் படிக்க முடியாத அளவில் இருக்கிறது. குழந்தையைப் பற்றிய எச்சரிக்கைக்கு உரிய இடம் முன்பக்கம். அரசு இதைக் கட்டாயமாக்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

சுகர் ஃப்ரீ சாக்லேட்டில் மால்டிடால்தான் முக்கிய இனிப்பு. இது சர்க்கரை ஆல்கஹால் என்ற வகையைச் சேர்ந்தது. பெயரைத் தவிர மதுவோடு இதற்கு எந்தத் தொடர்பும் இல்லை. சர்க்கரையில் கிராமுக்கு 4 கிலோ கலோரி என்றால் இதில் 2.4 என்று ஐரோப்பிய விதிகள் கணக்கிடுகின்றன. அதாவது குறைவுதான், ஆனால் சுழி அல்ல. இரத்தச் சர்க்கரையையும் இது ஓரளவு ஏற்றும். சிறுகுடல் இதை முழுமையாக உறிஞ்சாததால் மிச்சம் பெருங்குடலுக்குப் போய், அங்கே தண்ணீரை இழுத்து, கிருமிகளால் நொதிக்கப்பட்டு வாயுவாகிறது. அரைக் கட்டி சாக்லேட் சாப்பிட்ட இரவில் என் தம்பி வயிற்று உப்புசத்தாலும் பேதியாலும் பட்ட பாட்டுக்குக் காரணம் புரியாமல், சாம்பார் கெட்டுப்போயிருக்குமோ என்று வீடே குழம்பியது. உறையைத் தேடி எடுத்துப் பார்த்தபோது மலமிளக்கும் தன்மை இருக்கலாம் என்று சிறிய எழுத்தில் போட்டிருந்தார்கள். குடல் நோய் உள்ளவர்களும் வயதானவர்களும் இதில் கவனமாக இருக்க வேண்டும். ஒரு சிறு துண்டோடு நிறுத்த முடியும் என்றால் வாங்கலாம். சுவையில் குறை சொல்ல எதுவும் இல்லை.

இனிப்புக் கடைகளில் ‘சுகர் ஃப்ரீ’ தட்டுக்கென்று தனியாக ஒரு கண்ணாடிப் பெட்டி வைக்கத் தொடங்கிவிட்டார்கள். தீபாவளிக்கு முன் நன்கு பெயர் பெற்ற ஒரு கடையில் அதிலிருந்து முந்திரி கத்லியும் அத்திப்பழ ரோலும் வாங்கினேன். எந்த இனிப்பூட்டி சேர்த்திருக்கிறீர்கள் என்று கேட்டதற்கு, ‘சுகர் ஃப்ரீதான் சார், தைரியமா சாப்பிடலாம்’ என்று விற்பனையாளர் சொன்னார். மேலாளரிடம் கேட்டும் பதில் கிடைக்கவில்லை. அட்டைப் பெட்டியில் கடையின் பெயரும் எடையும் தவிர வேறு எதுவும் அச்சிட்டிருக்கவில்லை. முந்திரியும் நெய்யும் தரமானவை, சுவையும் நன்றாக இருந்தது. ஆனால் மால்டிடாலா, சுக்ரலோஸா, பேரீச்சம்பழமா என்று தெரியாத ஒன்றை நோயாளி ஒருவருக்கு எப்படிக் கொடுப்பது? அத்திப்பழ ரோல், பேரீச்சம்பழ லட்டு ஆகியவற்றில் வெள்ளைச் சர்க்கரை இல்லாமல் இருக்கலாம். ஆனால் உலர்ந்த பேரீச்சம்பழத்தின் எடையில் பாதிக்கு மேல் சர்க்கரைதான். பழத்திலிருந்து வந்தது என்பதற்காகக் கணையம் அதற்குச் சலுகை கொடுக்காது. இனிப்பூட்டியின் பெயரைத் தட்டின் முன்னால் ஒரு சீட்டில் எழுதி வைக்காத கடையில் இந்த வகை இனிப்பை வாங்குவதை நிறுத்திவிட்டேன். பண்டிகைக்கு அரைத் துண்டு சாதாரண மைசூர் பாகைச் சாப்பிட்டு, அந்த வேளை சோற்றைக் குறைத்துக்கொள்வதே அம்மாவின் இப்போதைய வழக்கம். மருத்துவரும் அதை ஏற்றுக்கொண்டார்.

குளிர்பானங்களைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இனிப்பூட்டி பெரிய அளவில் உள்ளே போவது இவற்றின் வழியாகத்தான். இந்தியாவில் கிடைக்கும் டயட் கோக்கிலும் கோக் ஜீரோவிலும் அஸ்பார்டேம், அசிசல்ஃபேம் பொட்டாசியம் ஆகிய இரண்டும் இருக்கின்றன. ஒன்றின் பின்கசப்பை மற்றொன்று மறைக்கும் என்பதால் இரண்டையும் சேர்க்கிறார்கள். சாதாரணக் கோலா 300 மில்லி லிட்டரில் 30 கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கிறது. ஒரு நாள் முழுவதற்கும் சேர்த்தே 25 கிராமுக்குள் இருப்பது நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. எனவே தினமும் கோலா குடிக்கும் ஒருவர் அதை விட முடியாமல் ஜீரோவுக்கு மாறினால், அந்த அளவில் அது நன்மைதான். இதை மறுப்பது நேர்மையாகாது.

ஆனால் உடல் எடையைக் குறைக்கலாம், நோயைத் தவிர்க்கலாம் என்ற நம்பிக்கையில் இவற்றைக் குடிப்பவர்களுக்கு அதே உலக சுகாதார நிறுவனம் 2023 மே மாதத்தில் வேறொரு பதிலைச் சொன்னது. 283 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த பிறகு, எடைக் கட்டுப்பாட்டுக்காகவோ சர்க்கரை நோய், இதய நோய் போன்றவற்றைத் தடுப்பதற்காகவோ சர்க்கரையல்லாத இனிப்பூட்டிகளைப் பயன்படுத்த வேண்டாம் என்று அது பரிந்துரைத்தது. குறுகிய காலச் சோதனைகளில் எடை சற்றுக் குறைகிறது. ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்த ஆய்வுகளிலோ இரண்டாம் வகைச் சர்க்கரை நோயும் இதய நோயும் இவற்றை அதிகம் உட்கொள்பவர்களிடம் கூடுதலாகத் தெரிகின்றன. ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இந்தப் பரிந்துரை பொருந்தாது என்றும் அந்த ஆவணம் தெளிவாகக் குறிப்பிடுகிறது. நம் ஊடகங்களில் பல இந்த விலக்கை எழுதாமல் விட்டுவிட்டதால், இனிப்பு மாத்திரையை விட்டுவிட்டு மீண்டும் சர்க்கரைக்குப் போன நோயாளிகளை நான் அறிவேன்.

பிரான்ஸில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைப் பின்தொடரும் நியூட்ரிநெட் சாந்தே ஆய்வும் இந்தக் கவலையை வலுப்படுத்துகிறது. செயற்கை இனிப்பூட்டிகளை அதிகம் உட்கொண்டவர்களுக்குப் புற்றுநோய் அபாயம் 13 சதவீதமும், இதய, இரத்தக்குழாய் நோய்களின் அபாயம் 9 சதவீதமும் கூடுதலாக இருந்ததாக 2022இல் அதன் இரு கட்டுரைகள் தெரிவித்தன. ஏற்கெனவே உடல் பருத்தவர்களும் நோய் பயம் வந்தவர்களும்தான் டயட் பானத்தை அதிகம் நாடுகிறார்கள் என்பதால், காரணம் எது, விளைவு எது என்று இத்தகைய ஆய்வுகளால் முழுமையாகப் பிரித்துச் சொல்ல முடியாது. ஆராய்ச்சியாளர்களும் அதை ஒப்புக்கொள்கிறார்கள். அதே ஆண்டில் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனம் ஆரோக்கியமான 120 பேரிடம் நடத்திய சோதனை வேறு வகைப்பட்டது. இரண்டு வாரம் சாக்கரினோ சுக்ரலோஸோ எடுத்துக்கொண்டவர்களில் பலருக்கு, குளுக்கோஸைக் கையாளும் உடலின் திறன் குறைந்தது. அவர்களுடைய குடலிலுள்ள நுண்ணுயிர்களும் மாறியிருந்தன. எல்லாருக்கும் அந்த விளைவு ஒரே மாதிரியாக இல்லை என்றாலும், இனிப்பூட்டிகள் உடலுக்குள் எதையும் செய்யாமல் வெளியேறிவிடுகின்றன என்ற பழைய எண்ணத்தை அந்தச் சோதனை ஆட்டம்காணச் செய்துவிட்டது.

குழந்தைகளின் கணக்கு தனி. அஸ்பார்டேம் வரம்பை உடல் எடையால் பெருக்கிப் பார்க்கும்போது, 15 கிலோ எடையுள்ள குழந்தைக்கு நாளொன்றுக்கு 600 மில்லிகிராம் கிடைக்கிறது. ஒரு கேன் டயட் பானத்தில் 200 முதல் 300 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனமே கணக்கிட்டிருக்கிறது. 70 கிலோ எடையுள்ள பெரியவருக்கு ஒன்பது கேனுக்கு மேல் என்று சொல்லும் அதே வரம்பு, இந்தக் குழந்தைக்கு இரண்டு மூன்று கேன்களிலேயே முடிந்துவிடும். பிறந்தநாள் விருந்தில் பெரிய பாட்டிலைத் திறந்து வைத்து, ‘ஜீரோதானே’ என்று கோப்பை கோப்பையாக ஊற்றிக் கொடுக்கும் வீடுகள் இதை அறிந்திருக்க வேண்டும். இந்தப் பானங்களிலுள்ள பாஸ்பாரிக் அமிலம் பல்லின் மேற்பூச்சை அரிப்பதில், சர்க்கரை உள்ளதற்கும் இல்லாததற்கும் வேறுபாடு கிடையாது. பயணத்தில் வேறு வழி இல்லாத ஒரு நாளுக்கு, சர்க்கரை நோயுள்ள பெரியவர் ஒருவருக்கு மட்டும் சரி. வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வாங்கி அடுக்கும் பொருளாக இதை ஏற்க முடியாது.

‘இயற்கை’ என்ற அடைமொழியோடு வரும் இனிப்பூட்டிகளுக்கு விலை மிக அதிகம். தென்னமெரிக்காவில் பராகுவே பகுதியில் குவாரானி மக்கள் தலைமுறை தலைமுறையாகப் பயன்படுத்தி வந்த செடிதான் ஸ்டீவியா. இந்தியாவில் அதன் சாரத்தை உணவில் சேர்க்க 2015இல் அனுமதி கிடைத்தது. அதன் இனிப்புச் சாரத்துக்கும் உடல் எடையின் கிலோவுக்கு நாளொன்றுக்கு 4 மில்லிகிராம் என்ற வரம்பு, அது உடலில் சிதைந்து உண்டாகும் ஸ்டீவியால் என்ற பொருளின் கணக்கில் உண்டு. ஸ்டீவியா என்று முன்பக்கம் அச்சிட்ட பொடிகள் சிலவற்றின் பின்பக்கம் எரித்ரிட்டால் முதலாவதாக இருக்கிறது. அமெரிக்காவின் கிளீவ்லண்ட் கிளினிக்கில் ஸ்டான்லி ஹேசன் குழு 2023இல் வெளியிட்ட ஆய்வில், இரத்தத்தில் எரித்ரிட்டால் அதிகமாக இருந்தவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் கூடுதலாக வந்திருந்தன. ஆய்வகத்தில் அது இரத்தத் தட்டுகளை எளிதில் உறையத் தூண்டியது. நம் உடலே சிறிதளவு எரித்ரிட்டாலை உண்டாக்குகிறது என்பதால், அந்த அளவுகள் உணவிலிருந்து மட்டும் வந்தவை என்று சொல்லிவிட முடியாது. ஆனால் ஏற்கெனவே இதய நோய் உள்ளவர்கள் எரித்ரிட்டால் சேர்த்த பண்டத்தை அதிக அளவில் எடுக்காமல் இருப்பதே நல்லது என்று கருதுகிறேன். அம்மாவுக்கு ஸ்டென்ட் வைத்திருப்பதால் நாங்கள் அதை வாங்குவதில்லை.

இதே அலமாரிக்குப் பக்கத்தில் கருப்பட்டி பிஸ்கட், நாட்டுச்சர்க்கரை மிட்டாய், தேன் சேர்த்த கிரானோலா ஆகியவற்றையும் வைத்திருக்கிறார்கள். கருப்பட்டியின் மணமும் சுவையும் எனக்கும் மிகவும் பிடிக்கும். ஆனால் அதன் பெரும்பகுதி வெள்ளைச் சர்க்கரையிலுள்ள அதே சுக்ரோஸ்தான். சர்க்கரை நோயாளிகளுக்கான அலமாரிக்கு அருகில் அதை வைப்பது கடைக்காரர் செய்யும் தவறு. அதைக் கடையிலேயே எடுத்துச் சொல்லியும் இருக்கிறேன்.

அலமாரிக்கு வெளியே இருக்கும் பண்டங்களிலும் 950, 955 ஆகிய எண்கள் இப்போது பரவிவிட்டன. புரதப் பொடி, தண்ணீரில் கரையும் வைட்டமின் மாத்திரை, பழச்சுவையூட்டிய தயிர், சூயிங்கம், சில எலெக்ட்ரோலைட் பானங்கள் என்று வாங்குபவர் எதிர்பார்க்காத இடங்களிலெல்லாம் இவை இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் உள்ள அளவு சிறியதுதான். ஒரே நாளில் ஐந்தாறு வழிகளில் சேரும்போது மொத்தம் எவ்வளவு என்று யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை. இனிப்பூட்டியின் பெயரைப் போட வேண்டும் என்று சொல்லும் விதி, ஒரு வேளைக்கு எத்தனை மில்லிகிராம் என்பதையும் போடச் சொன்னால், வரம்புகளைப் பற்றிய பேச்சுக்கு அப்போதுதான் நடைமுறையில் பயன் இருக்கும்.

கடைசியாக, இந்தப் பண்டங்களை வீட்டில் வைத்திருப்பவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று இருக்கிறது. இன்சுலின் போட்டுக்கொள்பவருக்கோ சர்க்கரை நோய்க்கான சில வகை மருந்து மாத்திரைகளை எடுப்பவருக்கோ திடீரென்று இரத்தச் சர்க்கரை தாழ்ந்து, வியர்த்து, கை நடுங்கி, பேச்சுக் குழறும்போது, டயட் பானமும் இனிப்பு மாத்திரையும் ஒரு பயனும் தராது. நாக்கு இனிக்கும், சர்க்கரை ஏறாது. அந்த நேரத்தில் குளுக்கோஸ் பொடியோ உண்மையான சர்க்கரை கரைத்த தண்ணீரோ சாதாரணப் பழச்சாறோதான் கொடுக்க வேண்டும். அவர் விழுங்க முடியாத நிலையில் இருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் உடனே 108க்கு அழைக்க வேண்டும். இனிப்பு மாத்திரை டப்பாவுக்குப் பக்கத்திலேயே குளுக்கோஸ் பாக்கெட் ஒன்றை வைத்து, எது எதற்கு என்று வீட்டிலுள்ள எல்லாருக்கும், வேலைக்கு வரும் அக்காவுக்கும் சேர்த்து, சொல்லி வையுங்கள்.